தெரிந்தவர்களைக் கூப்பிடக் கூடாது

நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. போன ஜூன் மாதம் ஒரு சான்றிதழ் விஷயமாகப் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். நான் இருபத்திரண்டு வருடம் நின்ற அதே ஆறாம் வகுப்பில் இப்போது பவித்ரா என்ற இளம் ஆசிரியை நிற்கிறாள். செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகத் தலைகளை எண்ணினாள். திரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். "முடிஞ்சுது மிஸ்" என்றாள். வருகைப் பதிவாம்.

"பேர் கூப்பிட மாட்டியா?" என்று கேட்டேன்.

"வராதவங்கள மட்டும் தட்டுனா போதும் மிஸ். மத்தவங்க எல்லாரும் வந்ததா தானா ஏறிடும். பேர் கூப்புடுறதுல அப்புடி இன்னா மிஸ் இருக்குது?"

செல்போன் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பதிவேட்டில் கட்டம் கட்டமாகக் குனிந்து குனிந்து எனக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு நின்றபடி இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. பொன்னேரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு ஜூன் மாதத்தின் பத்து நாள்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது.

நான் வாத்தியாரம்மா ஆன கதையில் சுவாரசியம் எதுவும் இல்லை. கணக்குப் பட்டம், பி.எட்., தனியார் பள்ளியில் ஐந்து வருடம், பிறகு அரசு வேலை. பி.எட். படிப்பில் கரும்பலகையில் கோணாமல் எழுதக் கற்றுக்கொண்டேன். மற்றதையெல்லாம் எஸ்தர் மேடத்திடம் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

எஸ்தர் மேடம் எங்கள் தலைமையாசிரியை. புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே போகும் சாலையில் எங்கள் பள்ளிக்கூடம். அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் இருந்த வயல்களில் அவருடைய அப்பா வரப்பு வெட்டியிருக்கிறார். மேடம் அதே பள்ளிக்கூடத்தில் படித்து, அதே பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாகத் திரும்பி வந்தவர். குள்ளமான உருவம், குரல் மட்டும் கேட் வரைக்கும் போகும். எந்தப் பிள்ளை எந்த ஊர், எந்தத் தெரு என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஆறாம் வகுப்புக்கு ஏழு தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். முதல் நாள் போய் நின்று பார்த்தால் வகுப்பறை ஏழு கட்டியாக இருக்கும். நெல் வயல் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் ஜன்னல் பக்கம். காலனிப் பிள்ளைகள் கதவுப் பக்கம். கம்பெனி லைன் வீடுகளில் இருக்கிற பிள்ளைகள் கடைசி பெஞ்சில். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்களாகவே அப்படித்தான் உட்காருவார்கள். இதை உடைப்பதற்கு எஸ்தர் மேடம் ஒரு முறை வைத்திருந்தார். எந்தச் சுற்றறிக்கையிலும் வராத முறை அது.

முதல் பத்து வேலை நாட்கள் ஆறாம் வகுப்பில் ஆசிரியை பேர் கூப்பிடக் கூடாது. காலையில் ஒரே ஒரு பெயரை மட்டும் கூப்பிட வேண்டும். அந்தப் பிள்ளை எழுந்து "உள்ளேன் மிஸ்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு பிள்ளையின் பெயரைக் கூப்பிடும். பெயர் மட்டும் போதாது. அந்தப் பிள்ளையைப் பற்றிப் பதிவேட்டில் இல்லாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கூப்பிடப்பட்ட பிள்ளை எழுந்து "உள்ளேன்" சொல்லி அடுத்த பெயரைக் கூப்பிடும். இதில் ஒரே ஒரு ரூல்தான். ஏற்கெனவே தெரிந்தவர்களைக் கூப்பிடக் கூடாது. இந்த வகுப்புக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டவர்களைத்தான் கூப்பிட வேண்டும். எங்கே ஒரு பிள்ளை சொல்லத் தெரியாமல் முழிக்கிறதோ அங்கே சங்கிலி அறுந்துவிடும். அதுவரைக்கும் எத்தனை பேர் என்று பலகையின் மூலையில் எழுதிவிட்டு, மிச்சப் பேரை நான் கூப்பிடுவேன். பத்தாவது நாளைக்குள் சங்கிலி வகுப்பு முழுவதையும் சுற்றி வந்துவிட வேண்டும்.

மேடம் உள்ளே வர மாட்டார். வராந்தாவில், எங்கள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கேட்பார். ஏன் மேடம் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "பாத்தா யாரு பளிச்சுனு கீறாங்களோ அவங்க மேலதான் கண்ணு போவும். கேட்டாதான் எந்தக் கொரலு வரலன்னு தெரியும்" என்றார்.

என் முதல் வருடத்தில் ஒரு பெண் சொல்லத் தெரியாமல் நின்றபோது, நான் கண்ணாலேயே இன்னொரு பெண்ணைக் காட்டிக்கொடுத்தேன். நல்ல காரியம் செய்ததாக நினைப்பு எனக்கு. மதியம் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். "இன்னா நிர்மலா, ஜாடை காட்டுனியா? நீ காட்டிக் குடுத்தா அவ உன் ஆளு. புள்ளைங்களா கூப்புட்டாத்தான் புள்ளைங்க ஆளு. கைய கட்டிக்கினு நில்லு, போதும்." முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் பத்து நாட்களில் நான் கேட்டவற்றைச் சொல்லி மாளாது. "இவங்கப்பா நைட்டு சி ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கினா, இவ சாயங்காலம் வரிக்கும் ஊட்ல கொலுசக் கழட்டி வெச்சிடுவா மிஸ்." "இவன் ஊட்ல தெலுங்கு பேசுவாங்க, இவன் மாட்டுக்கினு மட்டும் தமிழ்ல பேசுவான் மிஸ்." கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் எந்தக் கம்பெனிச் சங்கு எத்தனை மணிக்கு ஊதும், எந்த ஊரில் எப்போது தண்ணீர் வரும் என்பதெல்லாம் எனக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, சேர்க்கைக்காக ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தேர்வாய் கண்டிகைப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். பெண்ணின் பெயர் ஜெயஸ்ரீ. ஒல்லியான பெண், ஆளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா மகளை வெளியே அனுப்பிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"மிஸ், இவங்கப்பா கும்மிடிப்பூண்டில கிரேன் ஓட்டினு இருந்தாரு. அங்க கிரேன்லேந்து லோடு விழுந்து ஒருத்தருக்குக் கை பூடுச்சு, கேட்டிருப்பீங்க. அந்தக் கிரேனு இவருதுதான். இவரு மேல தப்பு இல்லன்னு சொன்னா யாரு நம்புறா? வேல பூடுச்சு, ஊரக் காலி பண்ணிக்கினு போனோம். போன எடத்துலயும் எப்புடியோ தெரிஞ்சுக்கினு, 'கைய எடுத்தவன் பொண்ணு'ன்னு இவளக் கூப்புட ஆரம்பிச்சாங்க. அஞ்சாவதுல பாதி நாளு இவ பள்ளிக்கூடமே போவல. இங்க யாருக்கும் தெரியக் கூடாது மிஸ். தெரிஞ்சா நாயுடுபேட்டைல எங்கண்ணன் ஊட்டுக்கு அனுப்பிடுவேன். தெலுங்குலயே படிக்கட்டும்."

நான் தலையாட்டினேன். ஆனால் அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியும். புதுவாயல் பஸ் நிறுத்தத்தில் நான் தினமும் டீ குடிக்கும் கடைக்காரர் சேகருடையது. வலது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. இடது கையாலேயே டீயை ஆற்றிக் கொடுப்பார், ஒரு சொட்டு சிந்தாது. அவருடைய மகள் தேவிகாவும் அந்த வருடம் என் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஒரே ஒரு பிரிவுதான்.

மேடத்திடம் ஓடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். "இந்த வருஷம் மட்டும் பேர் கூப்பிடுறத வேணாம்னு வெச்சுடலாம் மேடம். பதிவேட்டுல இல்லாததச் சொல்லுன்னா இதுதானே மொதல்ல வெளிய வரும்?" என்றேன்.

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, "நிறுத்துனா ஏன் நிறுத்துனீங்கன்னு கேப்பாங்க. எப்பவும் போல நடக்கட்டும். நீ ஒண்ணும் பண்ணாத" என்றார்.

நான் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் கேட்கவில்லை. கணக்கு வாத்தியாருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எல்லாவற்றையும் முன்கூட்டியே போட்டு வைத்துவிட வேண்டும். ஜெயஸ்ரீயை என் மேசையை ஒட்டி முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைத்தேன். தேவிகாவைக் கடைசிக்கு முந்தின பெஞ்சில் மறுகோடியில் வைத்தேன். இடைவேளை மணி அடித்தால் ஜெயஸ்ரீயைச் சத்துணவுக்கான எண்ணிக்கைச் சீட்டோடு ஆபீசுக்கு அனுப்புவேன். மதியம் சாப்பிட்ட கையோடு நோட்டுகளை அடுக்கித் தரச் சொல்வேன். அவளிடம் யாராவது பேச வந்தால் எனக்கு ஒரு வேலை ஞாபகம் வந்துவிடும். தேவிகாவும் ஜெயஸ்ரீயும் ஒருவரை ஒருவர் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் நாள் சங்கிலி ஒன்பது பேரோடு அறுந்தது. மூன்றாம் நாள் இருபத்தி நாலு. பிள்ளைகள் அதை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஜன்னல் பக்கமும் கதவுப் பக்கமும் கலந்தன. ஆறாம் நாள் முப்பத்தெட்டு. ஏழாம் நாள் நாற்பத்தொன்று. வகுப்பில் மொத்தம் நாற்பத்திரண்டு பேர்.

மிச்சம் இருந்தது ஜெயஸ்ரீ.

எட்டாம் நாளும் நாற்பத்தொன்று. ஒன்பதாம் நாளும் அதேதான். கடைசியாக நின்ற பையனிடம், "அவளப் பத்தி ஒண்ணுமே தெரியாதா?" என்று கேட்டேன். "அவ உங்க ஆளு மிஸ். எப்பவும் உங்க கூடவே கீறா. எங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்றான். அவன் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். ஜெயஸ்ரீயின் பெயரை மட்டும் மூன்றாவது நாளாக நான் கூப்பிட்டேன். அவள் "உள்ளேன்" சொன்னது எனக்கே கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கேட்டருகில் அவளுடைய அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா மிஸ் இது? வகுப்புல எல்லாரயும் எல்லாருக்கும் தெரியுதாம், இவள ஒருத்திய மட்டும் யாருக்கும் தெரியலயாம். நேத்து ராத்திரி பூரா ஒரே அழுக. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன். அதுக்காக இப்புடியா? பேஜாரா கீது மிஸ். நாளைக்கு ஒரு நாளு வருவா. திங்கக்கெழம டி.சி. குடுத்துடுங்க."

நேராக மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சு மாற்றியது, சீட்டுக் கொடுத்து அனுப்பியது, நோட்டு அடுக்கச் சொன்னது, ஒன்றையும் மறைக்கவில்லை. மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"நான் உன்ன இன்னா பண்ணச் சொன்னேன்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்னு சொன்னீங்க மேடம். பயந்துட்டேன்."

"நானும்தான் பயந்துக்கினு இருக்கேன்." அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. "நாளைக்கு அந்தப் புள்ளய உன் மேசைகிட்டேந்து எழுப்பி நடுவுல உக்கார வை. அப்பறம் இன்னா நடந்தாலும் வாயத் தொறக்காத."

பத்தாவது நாள், வெள்ளிக்கிழமை. ஜெயஸ்ரீயை நடு பெஞ்சில் உட்கார வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே மேடத்தின் முதுகு. நான் ஒரு பெயரைக் கூப்பிட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

சங்கிலி ஓட ஆரம்பித்தது. பத்து, இருபது, முப்பது. பிள்ளைகள் பரபரவென்று எழுந்து உட்கார்ந்தார்கள். முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகும் தேவிகாவின் பெயர் வரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பதாவதாக நின்ற பெண், "தேவிகா மிஸ். அவ காலைல அவங்கப்பா கடைல எழுபது கிளாஸ் கழுவிட்டுத்தான் வருவா" என்றாள்.

தேவிகா எழுந்தாள். "உள்ளேன் மிஸ்."

இன்னும் ஒரே ஒரு பெயர்தான் மிச்சம். அந்தப் பெயரைக் கூப்பிட வேண்டியவள் அவள். நாற்பத்திரண்டு பேரில் இவள் போய் இங்கே வந்து நிற்பாள் என்று எந்தக் கணக்கில் நான் போட முடியும்? ஜெயஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"மிஸ்" என்றாள் தேவிகா. "நான் ஒரு தப்பு பண்ணப் போறேன்."

நான் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

"ஏற்கெனவே தெரிஞ்சவங்களக் கூப்புடக் கூடாதுன்னு ரூலு. எனக்கு இவள ரெண்டு வருஷமா தெரியும். அதான் நான் இத்தன நாளும் கூப்புடல. வேற யாருனா கூப்புடுவாங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். யாரும் கூப்புடல. அதனால நான் கூப்புடறேன். ஜெயஸ்ரீ."

"எப்புடித் தெரியும்?" என்று ஒரு பையன் கத்தினான்.

"இவங்கப்பா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எங்க ஊட்டுக்கு வருவாரு. வண்டில இவளும் வருவா. எங்கப்பாவுக்கு ஒரு கைதான் கீது. அந்தக் கை நகத்த அவரால வெட்டிக்க முடியாது. எங்கள வெட்ட உட மாட்டாரு, எங்கம்மாவயும் உட மாட்டாரு. இவங்கப்பா வந்தா மட்டும் கைய நீட்டுவாரு. இவங்கப்பா ஒக்காந்து வெட்டி உடுவாரு."

"இவங்கப்பா ஏன் வெட்டணும்?"

தேவிகா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பதினொரு வயது. "அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா வேல செஞ்சாங்க" என்றாள். அதோடு உட்கார்ந்துவிட்டாள்.

கிரேன் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று அந்தக் குழந்தைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? பத்து நாளாக அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருந்ததற்கு என் பெஞ்சு மாற்றம் காரணமே இல்லை. தெரியாத பிள்ளைகள் எப்போதாவது ஒரு தடவையாவது பார்த்துக்கொள்வார்கள். இவர்கள் தெரிந்திருந்ததால்தான் அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். ஜெயஸ்ரீ தன் வீட்டு ரகசியத்தைக் காப்பாற்றினாள். தேவிகா எங்கள் ரூலைக் காப்பாற்றினாள். நானோ ஒருத்தியிடமிருந்து ஒருத்தியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நோட்டு அடுக்க வைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னப் பிள்ளைகள் முன்னால் எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஜெயஸ்ரீ எழுந்தாள். "உள்ளேன் மிஸ்" என்றாள். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

ஜன்னலில் மேடம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அத்தனை வருடத்தில் அவர் அந்த ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தது அன்று ஒரு நாள்தான். பிறகு உள்ளே வந்து, யாரிடமும் எதுவும் பேசாமல், என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, பலகை மூலையில் 42 என்று எழுதிவிட்டுப் போனார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்துவிட்டார்.

திங்கட்கிழமை ஜெயஸ்ரீயின் அம்மா வந்தார். டி.சி. கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, சொல்ல வேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் என் மேசைக்கு எதிரில் வந்து நின்றார்.

"ஞாயித்துக்கெழம புதுக் கம்பெனில ஓ.டி.ன்னு சொல்லிட்டுப் போவாரு மிஸ். பொண்ண ஏன் இட்டுக்கினு போறேன்னா, கம்பெனியாண்ட வெளாடட்டும்பாரு. ரெண்டு வருஷம், ரெண்டு பேரும் ஒரு வார்த்த சொல்லல. அந்த மனுசன் மூஞ்சில எப்புடி முழிக்கிறதுன்னு நான் கும்மிடிப்பூண்டி பக்கமே போவாம, சுத்திக்கினு போயிக்கினு இருந்தேன். எனக்கு மட்டுந்தான் மிஸ் தெரியல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டி.சி. பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போகும்போது, "பஸ் ஸ்டாண்டாண்ட அவங்க கட எந்தப் பக்கம் மிஸ்?" என்று மட்டும் கேட்டார்.

பத்து நாள் முடிந்துவிட்டதால் அடுத்த வாரத்திலிருந்து வழக்கப்படி நான்தான் பேர் கூப்பிட்டேன். அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் பதிவேட்டைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட்டதும், தேவிகா கையைத் தூக்கினாள்.

"மிஸ், பதிவேட்டுல இல்லாதது ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"நேத்து ஜெயஸ்ரீ அம்மாவும் எங்க ஊட்டுக்கு வந்தாங்க. அவங்கதான் நகத்த வெட்டி உட்டாங்க. எங்கப்பா கைய நீட்டுனாரு மிஸ்."

நான் பதிவேட்டை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு எங்கள் வகுப்பில் வராதவர்கள் யாரும் இல்லை.